ஸ்கோப் ரிங்: தேர்வும் பொருத்தும் முறையும்

ரைஃபிளின் மேல் ஸ்கோப்பைத் தாங்கி நிற்கும் இரண்டு ரிங்குகளுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் ஒன்று மற்றதைவிட 0.1 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. எழுதும் தாள் ஒன்றின் கனம் அவ்வளவுதான் இருக்கும். அந்தத் தாள் கனம் ஸ்கோப்பின் பார்வைக் கோட்டை ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்த்துவிடுகிறது. 100 மீட்டர் தூரத்தில் அது 10 சென்டிமீட்டர். 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர். இந்தச் சாய்வை ஸ்கோப்பின் குமிழ்களைத் திருகிச் சரிக்கட்டிவிடலாம். குமிழால் சரிக்கட்ட முடியாத கேடு ஒன்று உண்டு. உயரம் ஒவ்வாத இரண்டு ரிங்குகளில் நேரான குழாயை வைத்து இறுக்கினால் குழாய்தான் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கும். லென்ஸ்களும் அவற்றை நகர்த்தும் நுண்பொறியும் அந்தக் குழாய்க்குள்தான் இருக்கின்றன.

குறி தவறத் தொடங்கியதும் பழி முதலில் ஸ்கோப்பின் மேல் விழும். அடுத்துத் தோட்டா, அதற்கும் அடுத்துச் சுட்டவரின் கை. நடுவில் நிற்கும் ரிங்கைச் சந்தேகிப்பவர் குறைவு. சந்தேகிப்பவரும் ஆலன் கீயை எடுத்து இன்னும் அரைச் சுற்று இறுக்கிவிட்டு, வேலை முடிந்ததென்று இருந்துவிடுகிறார். தயாரிப்பாளர்களின் கையேடுகளையும், துப்பாக்கிப் பட்டறைக்காரர்களின் நடைமுறையையும், வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுபவர்களும் நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்து வைத்த அனுபவத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகப் படுவது இதுதான்: ரிங்குக்கு வேலை இரண்டு. குழாயை நழுவாமல் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது அதை வளைக்கவோ நசுக்கவோ கூடாது. எல்லோரும் கவலைப்படுவது முதல் வேலையைப் பற்றி. கெடுதல் பெரும்பாலும் இரண்டாவதில்தான் நடக்கிறது.

மவுண்ட்டிலிருந்து ஸ்கோப்புக்குள் போன பொறி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்கோப் லென்ஸ் வைத்த வெறும் குழாய். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855 முதல் செய்துவந்த ஸ்கோப்புகள் துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கு நீண்டிருந்தன. மேலும் கீழும், இடமும் வலமும் குறியை நகர்த்தும் திருகுகள் குழாயைத் தாங்கும் மவுண்ட்டில் இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டனின் விட்வொர்த் ரைஃபிளுக்கு இடப்பக்க மவுண்ட் ஒன்றை வடிவமைத்த டேவிட் டேவிட்சன், பம்பாய்ப் படையில் பணியாற்றிய அதிகாரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிசுடுநர்கள் சிலர் அந்த அமைப்போடு சுட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரைன் படை ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளில் வைத்த 8 மடங்கு யூனெர்ட்டல் ஸ்கோப்பும் இந்தப் பழைய வழியைச் சேர்ந்ததே. சுட்டதும் ரைஃபிள் பின்னே போகும். ஸ்கோப் ரிங்குக்குள் முன்னே சறுக்கும். அடுத்த தோட்டாவுக்கு முன் கையால் அதைப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். பின்னுதைப்பு முழுவதையும் லென்ஸ்கள் வாங்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. அதே போரில் பிரிட்டிஷார் லீ என்ஃபீல்டு நம்பர் 4 (டி) ரைஃபிளுக்கு வேறொரு முறையைக் கையாண்டார்கள். 1942 முதல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் தேர்ந்தெடுத்த ரைஃபிள்களின் ரிசீவரில் (போல்ட் இயங்கும் உலோகக் கூட்டில்) இடப்பக்கம் இரண்டு எஃகுத் திண்டுகளைப் பொருத்தி, ரிங்குகளோடு கூடிய வார்ப்பு பிராக்கெட் ஒன்றை ஒவ்வொரு ரைஃபிளுக்கும் தனியாக இழைத்துச் சேர்த்தது. ஸ்கோப்பின் எண்ணைத் தோள்கட்டையின் கழுத்தில் பொறித்தார்கள். ஒரு ரைஃபிளின் ஸ்கோப்பை இன்னொன்றில் மாட்டக் கூடாது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். கழற்றி மாட்டினாலும் குறி மாறாதிருக்க என்ன பாடுபட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் ஸ்கோப்பைச் சாதாரண வேட்டைக்காரரின் கைக்குக் கொண்டுவந்தவர் பில் வீவர். 1930இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் முதல் ஸ்கோப்பான 330, முக்கால் அங்குலக் குழாயும் உள்ளேயே சரிசெய்யும் பொறியும் கொண்டது. பொறி உள்ளே போனதும் மவுண்ட் எளிமையானது, விலையும் இறங்கியது. குறுக்கே பள்ளம் வெட்டிய தட்டையான அடித்துண்டும், அதில் ஒரு பக்கம் கொக்கியாக மாட்டி மறுபக்கம் திருகும் ரிங்கும் வீவரின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன.

ஆனால் அன்றைய ஸ்கோப்புகளில் இன்றில்லாத ஒரு நேர்மை இருந்தது. குமிழைத் திருகினால் குறுக்குக் கோடுகள் பார்வை வட்டத்தின் நடுவை விட்டு நகர்ந்து ஓரத்துக்குப் போகும். மவுண்ட் கோணலாக இருந்தால் அது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆகவே பட்டறைக்காரர் மவுண்ட்டைச் சரிசெய்து கோடுகளை நடுவில் நிறுத்தியாக வேண்டும். பின்னால் வந்த ஸ்கோப்புகளில் எவ்வளவு திருகினாலும் கோடுகள் நடுவிலேயே நிற்கின்றன. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மவுண்ட்டின் கோணல் கண்ணுக்கு மறைந்தது அன்றிலிருந்துதான். இன்றைய சங்கடங்களில் பாதிக்கு இதுவே வேர் என்று நினைக்கிறேன்.

ஐரோப்பா ஏன் வேறு வழியில் போனது

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் காட்டுப்பன்றியை அந்திக் கருக்கலிலும் நிலவொளியிலும் மேடையில் காத்திருந்து சுடுவது வழக்கம். வெளிச்சம் வேண்டும் என்பதால் முன் லென்ஸ் பெரிதாயிற்று; 8 மடங்கு, 56 மில்லிமீட்டர் லென்ஸ் என்பது அங்கே நெடுநாள் வழக்கான அளவு. அதே ரைஃபிளோடு மறுநாள் பகலில், ஆட்கள் விலங்கை விரட்டிவர நெருக்கத்தில் சுடும் வேட்டைக்குப் போக வேண்டும். அங்கே பெரிய ஸ்கோப் இடைஞ்சல். எனவே நொடியில் கழன்று, மீண்டும் மாட்டினால் அதே குறிக்கு வரும் மவுண்ட் தேவைப்பட்டது.

ஜெர்மனியின் சூல் நகரத்துக் கைவினைஞர்களின் நக மவுண்ட் அப்படிப் பிறந்தது. ரிங்குகளின் அடியில் நகம்போல் வளைந்த கால்கள் இருக்கும். முன்கால்களை ரிசீவரில் வெட்டிய குழிகளில் கோத்து, பின்பக்கத்தைக் கீழே அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு காலையும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, மை தடவித் தொடுமிடம் பார்த்து, மறுபடி இழைத்துச் செய்யும் வேலை அது. கூலி கட்டுப்படியாகாமல் இப்போது அருகிவிட்டது. முன்காலை அச்சாக வைத்துப் பக்கவாட்டில் சுழற்றிக் கழற்றும் மவுண்ட்டுகளும், பிளேசர் நிறுவனம் 1993இல் கொண்டுவந்த ஆர் 93 ரைஃபிளின் சேணம் போன்ற மவுண்ட்டும் அந்த இடத்தைப் பிடித்தன. சைஸ், ஸ்வரோவ்ஸ்கி போன்ற நிறுவனங்கள் குழாயின் அடியிலேயே ரெயில் வைத்து, ரிங்கே வேண்டாம் என்ற முடிவுக்கும் போய்விட்டன. குழாயை நான்கு புறமும் நெரிக்காமல் அடியில் மட்டும் பற்றும் அந்த முறை பொறியியல் நோக்கில் ரிங்கைவிட மேலானது. அந்த ரெயில் உள்ள ஸ்கோப்புக்கு மட்டுமே உதவும், விலையும் அதிகம் என்பதால் அது எங்கும் பரவவில்லை.

அமெரிக்க வேட்டைக்காரர் பகலில் சுடுபவர், தூரம் அதிகம், ஸ்கோப்பைக் கழற்ற வேண்டிய தேவை இல்லை. அவருக்கு 40 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். தாழ்ந்த, நிலையான, எடை குறைந்த ரிங் வேண்டும். அங்கே ஒரு அங்குலக் குழாயும் (25.4 மில்லிமீட்டர்) ஐரோப்பாவில் 30 மில்லிமீட்டர் குழாயும் நிலைபெற்றன. பழைய ஜெர்மன் ஸ்கோப்புகளில் 26 மில்லிமீட்டர் குழாயும் உண்டு. ஒரு அங்குல ரிங்கில் அதை அமுக்கித் திணிப்பவர்கள் இருக்கிறார்கள், 0.6 மில்லிமீட்டர் வித்தியாசம் குழாயில் பள்ளமாகப் பதிந்துவிடும். நெடுந்தூரம் சுடுபவர்களுக்காக 34 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் வந்துவிட்டன. குழாய் பெருத்தால் வெளிச்சம் கூடும் என்று கடைகளில் சொல்வதை நம்ப வேண்டாம். உள்ளிருக்கும் பொறி நகர இடம் கூடுகிறது. அதனால் குமிழ் திருகும் எல்லை விரிகிறது. வெளிச்சம் முன் லென்ஸைப் பொறுத்தது.

ரெயிலின் அளவுகள்

பலவகை அடித்துண்டுகளின் குழப்பத்துக்கு ஓர் ஒழுங்கு வந்தது 1995இல். நியூஜெர்சியின் பிகாட்டினி படைக்கலச் சாலையின் பெயரால் வழங்கும் ரெயில், அமெரிக்க ராணுவத் தர அளவாக அந்த ஆண்டு அறிவிக்கப்பட்டது. பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர். வீவர் பள்ளம் 4.57 மில்லிமீட்டர்தான், பள்ளங்களின் இடைவெளிக்கும் ஒரே அளவு கிடையாது. ஆகவே வீவர் ரிங் பிகாட்டினி ரெயிலில் உட்காரும். பிகாட்டினி ரிங் வீவர் அடித்துண்டில் பல நேரம் உட்காராது. உட்காராததைத் தட்டி உட்கார வைக்கக் கூடாது. 2009இல் நேட்டோ நாடுகள் இதே ரெயிலை மெட்ரிக் அளவில் திருத்தி ஏற்றன. ரிங் ரெயிலின் சாய்ந்த ஓரங்களைவிட மேல்தட்டையே ஆதாரமாகக் கொண்டு உட்கார வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தின் சாரம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார அது உதவுகிறது.

ரெட்ஃபீல்டு முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் முன் ரிங்கின் கால் அடித்துண்டில் நுழைந்து 90 பாகை திரும்பிப் பூட்டிக்கொள்ளும். பின் ரிங்கை இரண்டு எதிரெதிர்த் திருகுகள் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும். ஸ்கோப்புக்குள் இடவலச் சரிசெய்வு இல்லாத நாளின் எச்சம் இது. பார்க்க அழகு. ஆனால் முன் ரிங்கைத் திருப்புவதற்குப் பலர் ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பயன்படுத்துகிறார்கள். குழாய் வளைவதற்கு இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. அளவான மரக்கட்டை அல்லது உலோகத் தண்டு ஒன்றை ரிங்கில் வைத்துத்தான் திருப்ப வேண்டும். ரிசீவரில் துளைகள் கோணலாக விழுந்த பழைய ரைஃபிள்களுக்கு மட்டும் இந்த முறை இன்றும் கைகொடுக்கும்.

இவை தவிர ரிசீவரிலேயே தடம் வெட்டிவரும் ரைஃபிள்கள் உண்டு. செக் நாட்டு சிஇசட் 550இல் 19 மில்லிமீட்டர், ஃபின்லாந்தின் டிக்காவில் 17, பெரும்பாலான .22 ரைஃபிள்களிலும் ஏர் ரைஃபிள்களிலும் 11. ரூகர் எம் 77க்கு அந்த நிறுவனத்தின் சொந்த வடிவமே வேண்டும். ரிங் வாங்கக் கிளம்புமுன் முதலில் பார்க்க வேண்டியது ரிசீவரின் முதுகை. ஸ்கோப்பின் விளம்பரம் காத்திருக்கட்டும்.

உயரம்

தேர்வில் அதிகம் தவறுவது இங்கேதான். தாழ்வு, நடுத்தரம், உயரம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்குப் பொது அளவு ஏதுமில்லை. ஒரு நிறுவனம் ரெயிலின் மேல்தட்டிலிருந்து குழாயின் மையம்வரை அளக்கிறது. இன்னொன்று குழாயின் அடிவயிறுவரை. ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் முன் லென்ஸ், அதன் வெளிவிட்டம் 57, பாதி 28.5. துப்பாக்கிக் குழலுக்கும் லென்ஸ் கூட்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் காற்று வேண்டும், ஆக 30.5. அந்த இடத்தில் குழலின் மேற்பரப்பைவிட ரெயில் 8 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால், ரெயிலிலிருந்து மையம்வரை குறைந்தது 22.5 வேண்டும். 30 மில்லிமீட்டர் குழாய் என்றால் இதையே இன்னொரு நிறுவனம் 7.5 என்று எழுதும். இரண்டும் ஒரே ரிங். லென்ஸுக்கு மூடி போடுபவர் இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முன் லென்ஸ் மட்டும் விலகினால் போதாது. போல்ட் கைப்பிடியை மேலே தூக்கும்போது ஸ்கோப்பின் கண்பக்கத்தில் முட்டக் கூடாது. பழைய மவுசர் 98இல் கைப்பிடி 90 பாகை தூக்க வேண்டியது. சேஃப்டி கட்டையும் போல்ட்டின் தலையில் நிமிர்ந்து நிற்கும். அதில் ஸ்கோப் வைக்க வேண்டுமானால் கைப்பிடியை வளைத்து வெல்டு செய்து, சேஃப்டியையும் மாற்ற வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் மேனார்டு பியூலர் இதற்கெனவே தாழ்ந்த சேஃப்டியைச் செய்து விற்றார். வின்செஸ்டர் 94 இன்னும் பிடிவாதம்: காலித் தோட்டா நேர் மேலே துள்ளி விழும். 1980களில் அதைப் பக்கவாட்டில் தள்ளும்படி மாற்றிய பிறகே தலைக்கு மேல் ஸ்கோப் வைக்க முடிந்தது.

முட்டாத அளவுக்குள் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது என்பது பழைய பாடம். பாதிதான் உண்மை. கன்னம் கட்டையில் இயல்பாகப் படிந்தபோது கண் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே ஸ்கோப் இருக்க வேண்டும். இரும்புக் குறிகாட்டிக்காகத் தாழச் செதுக்கிய பழைய கட்டைகளுக்குத் தாழ்ந்த ரிங் சரி. ஏஆர்-15 போல் கட்டை குழலின் நேர்கோட்டில் நீளும் ரைஃபிளில் தாழ்ந்த ரிங் போட்டால் கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அங்கே பார்வைக் கோடு குழலுக்கு மேல் 65 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக நிற்பதே முறை. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதியுங்கள். பிறகு கண்ணைத் திறந்தால் பார்வை வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். தலையைத் தூக்கவோ அமுக்கவோ வேண்டியிருந்தால் அந்த ரிங் உங்களுக்கானதல்ல.

எஃகா, அலுமினியமா

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 7075 வகை அலுமினியத்தில் ஒழுங்காகக் கடைந்த ரிங் பெரும்பாலான ரைஃபிள்களுக்குப் போதும். .375 போன்ற கனத்த பின்னுதைப்புள்ளவற்றுக்கும் கரடுமுரடாகப் புழங்குபவர்களுக்கும் எஃகு. உலோகத்தைவிடக் கடைசலின் துல்லியமே கவனிக்க வேண்டியது. கடைசல் சரியில்லாத எஃகு ரிங்கைவிட நன்றாகக் கடைந்த அலுமினிய ரிங் எவ்வளவோ மேல்.

பிளவின் திசை முக்கியம். மேல் பாதி, கீழ் பாதி என்று கிடையாகப் பிளந்து, மூடியை இருபக்கமும் திருகும் வகையே பொருத்த எளிது. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் திருகு என்றுள்ள மலிவு வகையில் திருக ஆரம்பித்ததும் ஸ்கோப்பும் கூடவே உருளும். நேராக நிறுத்திய குறுக்குக் கோடு கடைசித் திருகில் சாய்ந்து நிற்கும். ஸ்வீடனின் ஸ்பூர் நிறுவனம் 45 பாகையில் பிளந்து, இரண்டு ரிங்குகளையும் ஒரே துண்டாகச் செய்கிறது. இரண்டும் ஒரே கடைசலில் உருவாவதால் அவற்றுக்குள் கோணல் வர வழியே இல்லை. பணம் இருந்தால் அதுதான் சிறந்த தீர்வு.

பணம் அவ்வளவு இல்லாதவருக்கும் நல்ல தீர்வு உண்டு. பர்ரிஸ் நிறுவனத்தின் சிக்னேச்சர் ரிங்கில் உலோகத்துக்கும் குழாய்க்கும் நடுவே கோள வடிவப் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. ரிங் கொஞ்சம் கோணலாக நின்றாலும் உறை உள்ளுக்குள் திரும்பிக் குழாயோடு இணங்கி நிற்கும். மையம் விலகிய உறைகளைப் போட்டு ஸ்கோப்பை வேண்டிய பக்கம் சாய்க்கவும் செய்யலாம். சாக்கோவின் ஆப்டிலாக் ரிங்கும் இதே தத்துவம். பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் ரிசீவர்களின் முன்பாகமும் பின்பாகமும் துல்லியமாக ஒரே கோட்டில் இருப்பதில்லை என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு செய்த வடிவம் அது. நான் அதன் பக்கம்.

பட்டறை மேசையில்

எதற்கும் முன்னால் ரைஃபிளில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து போல்ட்டைக் கழற்றித் தள்ளி வைக்க வேண்டும். பிறகு எல்லாத் துளைகளையும் திருகுகளையும் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும்.

ஒற்றைத் துண்டு ரெயிலை எடுத்துக்கொள்வோம். அதை ரிசீவரில் வைத்து முன் திருகுகளை மட்டும் இறுக்குங்கள். பின்முனையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ரிசீவருக்கும் ரெயிலுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்தால் எவ்வளவு என்று தெரியும். இதைப் பாராமல் பின் திருகையும் இறுக்கினால் இடைவெளி மறைந்துவிடும். ரெயில் வளைந்து மறைந்தது என்று அர்த்தம். வளைந்த ரெயிலின் மேல் எவ்வளவு விலையுள்ள ரிங்கை வைத்தாலும் இரண்டும் ஒன்றுக்கொன்று தலைசாய்த்துத்தான் நிற்கும். இதற்கு மருந்து எபாக்ஸி. ஒட்டக் கூடாத பரப்பில் மெழுகு பூசி, மறுபரப்பில் எபாக்ஸி தடவி, முன்பக்கம் மட்டும் திருகி, பின்பக்கம் தன் இயல்பில் மிதக்க விட்டு ஓர் இரவு காயவைத்தால் ரெயிலுக்கு நேரான படுக்கை கிடைத்துவிடும். அரை நாள் வேலை. செய்பவர்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தம்.

ரிங்கின் கீழ்ப்பாதிகளை ரெயிலில் வைக்கும்போது முன்னே தள்ளிப் பள்ளத்தின் முன்சுவரில் அணைய வைத்துப் பிறகு இறுக்க வேண்டும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மூன்றரைக் கிலோ .308 ரைஃபிள் சுட்டதும் வினாடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் பின்னே பாய்கிறது; அந்த வேகத்தை எட்ட இரண்டு மில்லிவினாடி ஆகிறது என்று வைத்தால், 700 கிராம் ஸ்கோப்பைத் தன்னோடு இழுத்துச் செல்ல ரிங்குகள் நூறு கிலோ எடைக்கு நிகரான விசையைத் தர வேண்டும். ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். ரைஃபிளை வைத்துப் பார்த்தால் அது முன்னே நகர்வதாகும். முன்பே அணைந்திருந்தால் நகர இடமில்லை.

ரிங்கின் உட்புறத்தைத் தேய்த்து நேராக்கும் லாப்பிங் முறை பற்றி இரு கட்சி உண்டு. நேரான எஃகுத் தண்டில் தேய்ப்புப் பசை தடவி முன்னும் பின்னும் இழுத்தால் உயர்ந்த இடங்கள் மட்டும் பளபளக்கும். தொடும் பரப்பு முக்கால்பங்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். நடுத்தர விலை உலோக ரிங்குகளுக்கு இது நன்மை. உறை வைத்த ரிங்கிலும், ஒரே துண்டாகக் கடைந்த விலையுயர்ந்த மவுண்ட்டிலும் இதைச் செய்யவே கூடாது. தேய்த்த ரிங் அந்த ரைஃபிளுக்கு மட்டுமே உரியது. பிறகு வேறொன்றில் மாட்ட முடியாது.

அடுத்துக் கண்ணின் தூரம். பெரும்பாலான ஸ்கோப்புகளில் கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் நடுவே 85 முதல் 100 மில்லிமீட்டர் வேண்டும். மடங்கு கூடும்போது இந்த அளவு சுருங்கும், ஆகவே உச்ச மடங்கில் வைத்தே பார்க்க வேண்டும். படுத்துச் சுடும்போது தலை முன்னே வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதில் அலட்சியம் செய்தவர்களின் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு இருக்கும்.

குறுக்குக் கோட்டை நேராக நிறுத்தக் கொத்தனாரின் ரசமட்டமும் தூக்குக்குண்டும் போதும். ரைஃபிளை ரெயிலின் மேல் ரசமட்டம் வைத்து நிறுத்தி, இருபது முப்பது அடி தள்ளித் தொங்கும் தூக்குநூலோடு செங்குத்துக் கோட்டை இணைக்க வேண்டும். ஸ்கோப்பின் குமிழ் மூடிமேல் ரசமட்டம் வைப்பவர்கள் உண்டு. மூடியும் உள்ளிருக்கும் கோடும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குப் பிடிபடுவதில்லை. 100 மீட்டரில் குறி ஒத்துவரச் சரிசெய்த (ஜீரோ செய்த) .308 தோட்டா 500 மீட்டரில் ஏறக்குறைய 2 மீட்டர் தாழ்கிறது. அதைச் சரிக்கட்டிச் சுடும்போது குறுக்குக் கோடு புவியீர்ப்புக்கு 3 பாகை சாய்ந்திருந்தால் குண்டு 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போகும். கோடு செங்குத்தாக நின்று, ரைஃபிள் மட்டும் அதற்குக் கீழே 3 பாகை சாய்ந்திருந்தாலோ, 5 சென்டிமீட்டர் உயர ஸ்கோப்புக்கு விலகல் ஒரு சென்டிமீட்டர்தான். ஆகவே கோடு ரைஃபிளோடு ஒத்துப்போவதைவிட, சுடும் நேரத்தில் அது பூமிக்குச் செங்குத்தாக நிற்பதே முக்கியம். நெடுந்தூரம் சுடுபவர்கள் குழாயில் சிறு ரசமட்டம் ஒன்றை மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கடைசியாக இறுக்கம். மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும் அளவு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். 8 சென்டிமீட்டர் ஆலன் கீயின் முனையில் 5 கிலோ விசை கொடுத்தாலே 4 நியூட்டன் மீட்டர் ஆகிவிடுகிறது, தேவைக்கு இருமடங்கு. கையளவு தெரியும் என்று சொல்பவரை நம்பி ஸ்கோப்பைக் கொடுக்காதீர்கள். டார்க் ஸ்குரூடிரைவர் வாங்கி, நான்கு திருகுகளையும் மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மூடியின் இருபக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடித் திருகில் மரைப் பசை தேவையில்லை. ஈரமான மரை உராய்வைக் குறைப்பதால், அதே முறுக்கில் பிடி அளவுக்கு மீறி இறுகும். ரெயிலை ரிசீவரில் பிடிக்கும் திருகுக்கு மட்டும் நீல நிறப் பசை ஒரு சொட்டு போதும்.

அளவு மீறிய இறுக்கம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மடங்கு மாற்றும் வளையம் கனக்கும். பக்கக் குமிழ் பாதியில் தடுக்கும். நான்கு கிளிக் கொடுத்தால் இரண்டு கிளிக் அளவே குறி நகர்ந்து, அடுத்த தோட்டாவில் மீதி நகரும். திருகுகளைத் தளர்த்தியதும் இவை சரியாகிவிட்டால் ஸ்கோப்பில் குறை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஏர் ரைஃபிளும் நம் ஊரும்

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் வேட்டைக்குப் பெரும்பாலும் இடமில்லை. அதற்கு முன் தருமபுரி, சேலம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப்போன கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரில் ஸ்கோப் கிடையாது. இரவில் அவர் துப்பாக்கியோடு பிணைத்தது டார்ச் விளக்கை. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளிலும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றது துளைக் குறிகாட்டியை வைத்துத்தான். ஆகவே இங்கே ஸ்கோப் ரிங் வாங்குபவர் பெரும்பாலும் ஏர் ரைஃபிள்காரர்.

அவர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் இரண்டு திசையிலும் உதைக்கும். ஸ்பிரிங் விரியும்போது ரைஃபிள் பின்னே போகும். பிஸ்டன் உருளையின் முனையில் மோதியதும் வெடுக்கென்று முன்னே பாயும். இந்த இரண்டாவது உதையில் ஸ்கோப் ரிங்கோடு சேர்ந்து பின்னே ஊரும். பெரிய வேட்டை ரைஃபிளில் ஆண்டுக்கணக்கில் தாங்கிய ஸ்கோப்பும் இதில் சில நூறு சுடுகளில் கெட்டுப்போகக் காரணம் இந்த எதிர்த்திசை அதிர்ச்சிதான். எனவே 11 மில்லிமீட்டர் தடத்தில் இறுக்குவதோடு நிற்காமல், ரிசீவரின் குழியில் இறங்கும் தடுப்பு ஊசி உள்ள ஒற்றைத் துண்டு மவுண்ட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏர் ரைஃபிளுக்கென்று குறிப்பிட்டுச் செய்த ஸ்கோப்பையே மாட்ட வேண்டும். காற்றை முன்பே அடைத்துச் சுடும் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் விடை: ரைஃபிளுக்கு பிகாட்டினி ரெயில் கிடைக்குமானால் அதை வாங்கி, படுக்கை பார்த்துப் பொருத்துங்கள். அதன்மேல் உறை வைத்த ரிங், அல்லது கிடையாகப் பிளந்த, நான்கு திருகு மூடியுள்ள நல்ல உலோக ரிங் போடுங்கள். உயரத்தைப் பெட்டியின் பெயரை நம்பாமல் வெர்னியரால் அளந்து முடிவுசெய்யுங்கள். செலவுக் கணக்குப் போடும்போதே ரிங்குக்கும் டார்க் ஸ்குரூடிரைவருக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியில் ஸ்கோப்பைத் தேடுங்கள்.